'நூறு குதிரைகள்' சுருள் பிரதி: வாங்கலாமா?

இத்தாலிய இயேசு சபைத் துறவி ஜூசெப்பே காஸ்டிலியோனே, லாங் ஷினிங் என்னும் சீனப் பெயரில் அரசவை ஓவியராக இருந்து 1728இல் வரைந்த 'நூறு குதிரைகள்' சுருளோவியத்தின் துணிப் பிரதியை இணையக் கடை ஒன்றில் ரூ. 4,200 கொடுத்து வாங்கினேன். தைபே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள மூலம் பட்டில் தீட்டப்பட்டது, உயரம் 94.5 செ.மீ., நீளம் ஏறத்தாழ 7.76 மீட்டர். பிரதி 30 செ.மீ. உயரமும் சுமார் இரண்டரை மீட்டர் நீளமும் கொண்டது. விகிதம் குலையாமல், ஓரங்களை வெட்டாமல் சுருக்கியிருப்பதைப் பாராட்ட வேண்டும். மேய்ப்பர்களின் கூடாரம் இருக்கும் வலக்கோடியிலிருந்து, குதிரைகள் ஆற்றைக் கடக்கும் இடக்கோடி வரை, பிரித்துச் சுருட்டிக்கொண்டே பார்க்கும் அனுபவம் இதில் முழுமையாகவே கிடைக்கிறது.

குறை அச்சு நிறத்தில்தான் இருக்கிறது, அது சிறிய குறை அன்று. 1688இல் மிலானில் பிறந்து, ஐரோப்பிய முறையில் பயின்று, 1715இல் சீனா சென்ற காஸ்டிலியோனே, உடலுக்குத் திரட்சி தரும் ஒளிநிழலையும் தொலைவை உணர்த்தும் இயலுருத் தோற்றத்தையும் தம்முடன் கொண்டு சென்றார். ஆனால் முகத்தில் பாதியை இருட்டாக்கும் ஐரோப்பிய வழக்கம் அந்த அரசவையின் ரசனைக்கு ஒவ்வவில்லை என்பதால், அவர் அழுத்தமான நிழலைக் கைவிட்டு, வெளிச்சம் முன்னாலிருந்து பரவலாக விழுவதுபோல் மெல்லிய இடைநிறங்களாலேயே சதையின் வளைவைக் காட்டக் கற்றுக்கொண்டார். இரு மரபுகளும் கலக்கும் இடம் அந்த இடைநிறங்களே. இந்தப் பிரதியிலோ, பார்த்தவுடன் கண்ணைப் பறிக்க வேண்டும் என்பதற்காக, வெளிர்நிறத்துக்கும் அடர்நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிவிட்டார்கள். வெள்ளைக் குதிரைகளின் வயிற்றோரம் படிப்படியாகச் சாம்பல்நிறமாக வேண்டிய இடத்தில் கறுப்புப் பட்டை ஒன்று ஓடுகிறது. குளம்புகளின் கீழே தரையில் இலேசாகப் படிய வேண்டிய நிழல் மைக்கறைபோல் திரண்டு நிற்கிறது. ஓவியர் பாடுபட்டு அடக்கிக்கொண்ட ஐரோப்பியத்தனத்தை அச்சகம் அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். பைன் மரப்பட்டைகளும் புற்களும் மட்டும் இந்த அழுத்தத்தைத் தாங்கி நிற்கின்றன.

மூலத்தை ஒத்த அளவில் அவர் காகிதத்தில் வரைந்த முன்வரைவு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் கோடுகள் எவ்வளவு மென்மையானவை என்று படத்திலாவது கண்டவர்களுக்கு இந்தப் பிரதியின் முரட்டுத்தனம் கூடுதலாகவே உறுத்தும்.

உடன் வரும் விளக்கத்தாள் இதை சியன்லோங் பேரரசருக்காக வரைந்ததாகக் கூறுகிறது. ஓவியத்திலேயே பேரரசர் யோங்செங் ஆட்சியின் ஆறாம் ஆண்டு (1728) என்று எழுதப்பட்டிருக்க, 1735இல்தான் அரியணை ஏறிய யோங்செங்கின் மகன் சியன்லோங்கை இதில் ஏன் இழுத்தார்கள் என்பது விளங்கவில்லை. சியன்லோங்கின் பெயருக்கு விற்பனை மதிப்பு அதிகம் என்பது காரணமாக இருக்கலாம்.

கட்டமைப்பில், மரத்தண்டும் பூவேலைக் கரையும் நேர்த்தியாக உள்ளன. சுருட்டும்போது துணி கோணவில்லை. இரண்டு துண்டுகளை ஒட்டியிருக்கும் இணைப்பு மட்டும் ஒரு குதிரையின் விலாவை ஊடறுத்துச் செல்கிறது. எழுதிக் கேட்டபோது மாற்றித் தர முன்வந்தார்கள். ஆனால் எல்லாப் படிகளிலும் இணைப்பு அதே இடத்தில்தான் வருமாம்.

சுவரில் மாட்டி, நான்கடி தள்ளி நின்று ரசிப்பவர்கள் இந்த விலைக்கு வாங்கலாம். காஸ்டிலியோனேயின் கைவண்ணத்தை அறிய விரும்புபவர்கள் தைபே அருங்காட்சியகம் இணையத்தில் தரும் உயர்துல்லியப் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதே மேல். அதற்குக் கட்டணமும் இல்லை.