சுஜோவில் பாதி விலைக்கு எலெக்ட்ரிக் கார் வாங்கி ஏமாந்தேன்

சீனாவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் யாராவது பழைய எலெக்ட்ரிக் கார் வாங்கும் யோசனையில் இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

சுஜோவில் ஒரு செகண்ட் ஹேண்ட் டீலரிடம் மூன்று வருஷம் ஓடிய எஸ்யூவியை 46,000 யுவானுக்கு வாங்கினேன். அதே அளவு வண்டிக்கு மற்ற கடைகளில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சொன்னார்கள். ஏன் இவ்வளவு சல்லிசு என்று கேட்டதற்கு, முதல் ஓனர் அவசரமாக ஊர் மாறுகிறார் என்றார். பேட்டரிக்கு வாரண்டி? "8 வருஷம் அல்லது 1,20,000 கிலோமீட்டர். அரசாங்கம் போட்ட விதி." அது பொய் இல்லை. பேட்டரி, மோட்டார், கன்ட்ரோலர் மூன்றுக்கும் இங்கே குறைந்தபட்ச வாரண்டி அதுதான். அந்த வாரண்டியைத் தரவேண்டிய கம்பெனி உற்பத்தியை நிறுத்தி மாதக்கணக்கில் ஆகிவிட்டது என்பதைத்தான் மனுஷன் வாயே திறக்கவில்லை.

ஜனவரியில் ஒரு காலை, பார்க்கிங்கில் நின்று, காரைத் திறக்க போனில் கம்பெனி ஆப்பை அழுத்துகிறேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கதவு திறக்கவில்லை. சாவி பதினேழாவது மாடியில். அன்றோடு ஆப் போனதுதான். அப்புறம் ஒரு டெலிவரி ஸ்கூட்டர் இடது பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துவிட்டுப் போனது. கம்பெனி சர்வீஸ் எண்ணை யாரும் எடுக்கவில்லை. இரண்டு மாதம் அலைந்து, உடைக்கப்போட்ட வண்டியிலிருந்து ஒன்று கழற்றி மாட்டினேன். என் நீலக் காரில் அந்த ஒரு கண்ணாடி மட்டும் வெள்ளை.

என் கார் எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதவில்லை. ஆனால் ஊரறிந்த ஒரு கதை இருக்கிறது, வாங்குவதற்கு முன் படித்திருக்க வேண்டும். ஷாங்காயின் எலெக்ட்ரிக் கார் கம்பெனி வெய்மா. வால்வோவை சீனக் கார் கம்பெனி ஜீலி வாங்கிய சமயத்தில் அங்கே முக்கியப் பங்காற்றிய ஷென் ஹுய் 2015-இல் தொடங்கியது. வெளிநாட்டுக்கு வைத்த பெயர் வெல்ட்மைஸ்டர். ஜெர்மனில் உலக சாம்பியன் என்று அர்த்தம்! பைடு, டென்சென்ட் போன்ற பெரிய சீன இன்டர்நெட் கம்பெனிகள் எல்லாம் பணம் போட்டன. 2018-இல் அவர்களின் இஎக்ஸ்5 கார் ரோட்டுக்கு வந்தது. 2020-இல் ஒரே முதலீட்டுச் சுற்றில் 1,000 கோடி யுவான் திரட்டினார்கள். அதே வருஷம் சில வண்டிகள் தீப்பிடித்து 1,282 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2021-இல் 44,000 கார் விற்றார்கள். அப்படி விற்றும் 2019 முதல் மூன்று வருஷ நஷ்டம் மட்டும் சுமார் 1,740 கோடி யுவான். ஹாங்காங் பங்குச்சந்தைக்குப் போகும் முயற்சி நடக்கவில்லை. 2023 அக்டோபரில் கம்பெனியின் திவால் விவகாரம் ஷாங்காய் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. வாங்கியவர்கள் ஆப்புக்கும் உதிரி பாகத்துக்கும் திண்டாடினார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 12315-க்குப் போன் போட்டு நுகர்வோர் புகார் கொடுத்தேன். டீலர் ஒப்பந்தத்தை எடுத்து, "உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன்" என்ற வரியை விரலால் தட்டிக் காட்டினார். கீழே என் கையெழுத்து. சீன மொழி முழுதாகப் படிக்கத் தெரியாமல் போட்டது என் தப்பு.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் கடையில் நிற்கும்போதே ஆப்பைத் திறந்து கதவைத் திறக்கச் சொல்லுங்கள். சர்வீஸ் சென்டருக்கு நீங்களே நேரில் போய், ஒரு கண்ணாடி என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். டீலர் காட்டும் போட்டோவை நம்பாதீர்கள்.

போன வாரம் அந்தக் கடை வழியாகப் போனேன். வாசலில் அதே மாடல் இரண்டு நிற்கிறது. விலை அட்டையில் 38,000.