பீச் ஹவுஸ்: ‘டீன் ட்ரீம்’ முதலிலா, ‘டிப்ரஷன் செர்ரி’ முதலிலா?

அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து இருவர் இசைக்குழுவான பீச் ஹவுஸைப் புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது ‘டீன் ட்ரீம்’ ஆல்பம். 2010இல் சப் பாப் இசை நிறுவனம் வெளியிட்டது. தேவாலயமாக இருந்த ஸ்டூடியோவில் பதிவானது. ‘நார்வே’ பாடலைக் கவனியுங்கள்: கிட்டாரின் சுருதி வழுக்கி வழுக்கி ஏறி இறங்குகிறது, விக்டோரியா லெக்ராண்டின் கனத்த குரலோ அசையாமல் நிற்கிறது. அந்த இழுபறிதான் இந்தக் குழுவின் உயிர்.

2015இல் வந்த ‘டிப்ரஷன் செர்ரி’யில் டிரம்ஸின் பலம் குறைந்து, இசை மீண்டும் எளிமைக்குத் திரும்புகிறது. இசைத்தட்டின் உறைகூடச் சிவப்பு வெல்வெட். இதிலுள்ள ‘ஸ்பேஸ் சாங்’ பல ஆண்டுகள் கழித்து டிக்டாக் வழியே பரவியது. அந்த ஒரு பாடலோடு நிறுத்திவிடாதீர்கள். இந்த ஆல்பத்தை வரிசை மாற்றாமல் முழுதாகக் கேட்க வேண்டும். பொறுமை இருப்பவர்கள் இதிலேயே தொடங்கலாம்.