சோளக்கொல்லையில் மூன்று ஆண்டுகள்

ஆங்கிலத்தில் கழுதை ‘ஹீ ஹா’ என்றுதான் கத்துமாம். அதையே பெயராக வைத்து 1969 ஜூன் மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய, நாட்டுப்புறப் பாட்டும் நகைச்சுவையும் கலந்த நிகழ்ச்சியை மூன்று ஆண்டுகளாக இணையத்தில் பார்த்து வருகிறேன். கிட்டார் பழகிய மகனுக்குக் காட்டுவதற்காக, அதில் கிட்டார் வாசித்த ராய் கிளார்க்கின் வாசிப்பைத் தேடப் போனது ஆரம்பம். மகன் கிட்டாரை விட்டுவிட்டான்; நான் நிகழ்ச்சியை விடவில்லை.

கார்ன்ஃபீல்ட் கவுண்ட்டி என்ற கற்பனை ஊர். சோளக்கொல்லையிலிருந்து இரண்டு தலைகள் எழும்பும், ஒரு கடி ஜோக் சொல்லும், மறைந்துவிடும். வேலியோரம் நின்று ஜோக் சொன்னவரின் பின்புறத்தில் வேலிப் பலகையே எழும்பி ஒரு போடு போடும். “டாக்டர், என் கை இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது.” “அப்படியானால் அந்த இரண்டு இடத்துக்கும் இனிப் போகாதே.” எல்லாம் இந்த ரகம்தான். இதில் ‘இடம்’ என்ற சொல் தமிழிலும் அதே வேலையைச் செய்வதால் தப்பித்தது. மற்றவை மொழிபெயர்த்தால் செத்துவிடும்.

பார்க்கும் முறையில் முதலில் இரண்டு தவறு செய்தேன். யூட்யூபில் கிடைத்த மூன்று நிமிடத் துணுக்குகளை மட்டும் பார்த்தபோது, இதற்கா சிரித்தார்கள் என்று தோன்றியது. பிறகு கட்டணச் சேவை ஒன்றில் சேர்ந்து, ஒரே இரவில் ஐந்து பகுதிகளைப் பார்த்தேன். தலைவலிதான் மிச்சம். இப்போது வாரம் ஒன்று, சனிக்கிழமை இரவு மட்டும். இந்த நகைச்சுவை பழக்கத்தில் இருக்கிறது. ஜன்னலைத் துடைத்தபடியே கிராண்ட்பா ஜோன்ஸ் இரவுச் சாப்பாட்டின் பட்டியலை ஒப்பிப்பார். திடீரென்று கை அந்தப் பக்கம் போகும், ஜன்னலில் கண்ணாடியே கிடையாது. முதல் முறை புன்னகைத்தேன். பத்தாவது வாரம், கை எப்போது போகும் என்று காத்திருந்து வாய்விட்டுச் சிரித்தேன். பழைய கார் விற்கும் ஜூனியர் சாம்பிள்ஸ், எதிரே காட்டும் அட்டையிலுள்ள வசனத்தைப் படிக்கத் திணறுவார். அந்தத் திணறலை வெட்டாமல் விட்ட புண்ணியவான் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

எல்லாமே ரசிக்கும்படி இல்லை. பெண்களை அரைகுறை உடையில் நிறுத்திச் சொல்லும் ஜோக்குகளை இப்போது பார்க்கக் கூச்சமாக இருக்கிறது, தள்ளிவிட்டுப் போகிறேன். பின்னணிச் சிரிப்பொலியும் செயற்கை. எதிரில் பார்வையாளர்களே இல்லை. ஆண்டுக்கு இரண்டு முறை நாஷ்வில்லில் கூடி, துணுக்குகளை மொத்தமாகப் படம்பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு ஒட்டித் தைத்திருக்கிறார்கள்.

பாட்டு தொடங்கியதும் கதை மாறிவிடுகிறது. ஒரு நிமிடம் முன்பு அசடு வழிந்த மனிதர்கள்தானா இவர்கள்! சிவப்பு, வெள்ளை, நீலம் பூசிய கிட்டாருடன் பக் ஓவன்ஸ். கோமாளித்தனம் செய்துகொண்டே, விரல் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் வாசிக்கும் ராய் கிளார்க். இவர்களோடு கிராண்ட்பா ஜோன்ஸும் கென்னி பிரைஸும் சேர்ந்து, நால்வராக நின்று பக்திப் பாடல் பாடும்போது சிரிப்பொலி இல்லை, கழுதை இல்லை. வீட்டில் நானும் பேச்சை நிறுத்திவிடுகிறேன். லொரெட்டா லின், சார்லி பிரைட், ரே சார்ல்ஸ் எல்லோரும் இந்த வைக்கோல் மேட்டுக்கு வந்து பாடிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை, ஒளிபரப்பி வந்த சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனம் 1971இல் நிறுத்தியது. நகரத்து இளைஞர்களைப் பிடிப்பதற்காக நாட்டுப்புறம் சார்ந்த நிகழ்ச்சிகளையெல்லாம் அந்த நிறுவனம் களையெடுத்த காலம் அது. தயாரிப்பாளர்கள் விடவில்லை. உள்ளூர் நிலையங்களுக்கு நேரடியாக விற்று, மேலும் இருபது ஆண்டுகள் ஓட்டிவிட்டார்கள்.

நான் சந்தா கட்டும் சேவையைப் பற்றிச் சொல்ல அத்தனை நல்ல வார்த்தை இல்லை. பாதி ஜோக்கில் விளம்பரம் விழும். விளம்பரத்தின் சத்தம் நிகழ்ச்சியைப்போல இரண்டு மடங்கு. சில பகுதிகளில் விருந்தினரின் பெயர் வருகிறது, பாட்டைக் காணோம். அமெரிக்கத் தென்மாநில உச்சரிப்பு எனக்குப் பிடிபட ஆறு மாதம் ஆயிற்று. தானியங்கி வசன வரிகளுக்கு இன்றும் பிடிபடவில்லை. ஆர்ச்சி கேம்ப்பெல் சிண்டரெல்லா கதையைச் சொற்களின் முதலெழுத்துகளை மாற்றிப்போட்டு ‘ரிண்டர்செல்லா’ என்று சொல்லத் தொடங்கியதும், திரையின் அடியில் ஓடிய வரிகள் பைத்தியம் பிடித்ததுபோல் ஆகிவிட்டன. அந்த வரிகளே தனி நகைச்சுவை.

மிகப் பெரிய குறை, வரிசை இல்லாதது. ஆண்டுகள் குலைந்து கிடக்கின்றன. ஸ்ட்ரிங்பீன் என்று ஒருவர். முழங்கால் அருகே கால்சட்டையைக் கட்டிக்கொண்டு பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை வாசிப்பார், தோளில் காக்கையுடன் சோளக்கொல்லை பொம்மையாகவும் நிற்பார். 1973 நவம்பரில் அவரையும் மனைவியையும் வீட்டில் திருட வந்தவர்கள் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் காலை உடல்களைக் கண்டவர், பக்கத்தில் குடியிருந்த கிராண்ட்பா ஜோன்ஸ். அதற்குப் பிறகு ஸ்ட்ரிங்பீன் நின்ற இடத்தில் வெறும் பொம்மையை மட்டும் நினைவாக வைத்திருந்தார்கள். இந்தச் சேவையில் ஒரு சனிக்கிழமை அந்த வெறும் பொம்மை வருகிறது. அடுத்த சனிக்கிழமை அவரே வந்து, ஊரிலிருந்து வந்த கடிதத்தை எந்தப் பையில் வைத்தோம் என்று தேடிக்கொண்டிருக்கிறார். வரிசையைச் சரிசெய்யச் சொல்லி ஒரு முறை புகார் எழுதினேன். இரண்டாவது முறை எழுதவில்லை.