வெள்ளத்தில் கைப்பேசி ஊமையானால்: 477 வாக்கி-டாக்கியா, லோரா மெஷ் கருவியா?

2017 நவம்பர் 4-ஆம் தேதி பினாங்கில் கொட்டத் தொடங்கிய மழை மறுநாளுக்குள் தீவையும் எதிர்க்கரைச் செபராங் பிறையையும் மூழ்கடித்தது. தண்ணீர் ஏறினால் முதலில் போவது மின்சாரம். துணை மின்நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்தால் பாதுகாப்புக்காக இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். கைப்பேசிக் கோபுரங்களுக்கு மாற்று பேட்டரி உண்டு, ஆனால் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். தாங்கினாலும் ஊரே ஒரே நேரத்தில் அழைக்கும்போது இணைப்பு கிடைக்காது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே.

கைப்பேசியைப் பற்றி இரண்டே விஷயம் சொல்லிவிட்டு நகரலாம். மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது. வோல்ட்டி (4ஜி வழியாகவே குரல் அழைப்பு) வசதி இல்லாத, அல்லது அதை அணைத்து வைத்திருக்கும் கைப்பேசி, குரல் அழைப்புக்கு 2ஜி-யை மட்டுமே நம்பியிருக்கும். அம்மா, தாத்தா கைப்பேசிகளின் செட்டிங்கில் போய் அதை இன்றே இயக்கிவிடுங்கள். அடுத்தது, அழைப்பு போகாத நேரத்திலும் குறுஞ்செய்தி போக வாய்ப்பு அதிகம். ஆனால் தமிழில் 70 குறிகளைத் தாண்டினால் ஒரு செய்தி இரண்டாக உடையும், நெரிசலில் ஒரு பாதி மட்டும் போய்ச் சேரும். 'கா' என்ற ஓர் எழுத்தே இரண்டு குறி என்பதை மறக்க வேண்டாம்.

கைப்பேசி முழுதாக ஊமையான பிறகு, ஒரே தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருப்பவர்களும் நாலைந்து கிலோமீட்டருக்குள் சிதறியிருக்கும் குடும்பமும் எப்படிப் பேசிக்கொள்வது? இதற்கு இப்போது இரண்டு வழிகள் போட்டி போடுகின்றன. ஒன்று 477 மெகாஹெர்ட்ஸ் வாக்கி-டாக்கி. இன்னொன்று மெஷ்டாஸ்டிக் மென்பொருளில் ஓடும் சின்ன லோரா மெஷ் கருவி, குறைந்த மின்சாரத்தில் எழுத்துச் செய்தியை வானொலி அலையில் கருவிக்குக் கருவி கடத்துவது. எங்கள் அடுக்குமாடிக் குழுவுக்கு நாங்கள் தேர்ந்தது 477. ஏன் என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறோம்.

செயற்கைக்கோள் தொலைபேசியை முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். விலையும் மாதச் சந்தாவும் ஒரு பக்கம். திறந்த வானம் வேண்டும் என்பது இன்னொரு பக்கம், அடுக்குமாடி நடைவழியில் பாதி வானம்தான் தெரியும். 2024 ஏப்ரலில் துரையா-3 செயற்கைக்கோள் பழுதானபோது, அதை நம்பியிருந்த ஆசிய பசிபிக் பகுதித் தொலைபேசிகள் ஒரேயடியாகச் செயலிழந்தன. அமெச்சூர் வானொலி உண்மையிலேயே வலுவானது. மலை உச்சியில் பேச்சை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் வழியாகக் கையடக்கக் கருவியிலேயே மாநிலம் கடந்து பேசலாம். ஆனால் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் தேர்வில் தேறி, 9டபிள்யூ2 அல்லது 9எம்2 என்று தொடங்கும் அழைப்புக்குறி வாங்கியவர்தான் பேச முடியும். பேசுபவர், கேட்டுப் பதில் சொல்பவர் இருவருக்கும் உரிமம் வேண்டும். தாமானில் ஒருவராவது அதைப் படித்து எடுத்தால் வெளியுலகத்தோடு பேச ஒரு கதவு திறக்கும். வீட்டுக்கு வீடு பேச அது சரிப்படாது.

477-க்கு இங்கே தனி உரிமம் தேவையில்லை. 477.0125 முதல் 477.4875 வரை 39 சேனல்கள், 5 வாட் வரை அனுமதி. 9-வது சேனல் அவசரத்துக்கு, 11-வது அழைப்புக்கு. 477.5250-க்கு மேல் 38 சேனல்கள் உண்டு, அங்கே அரை வாட் மட்டுமே. ஆணையத்தின் தரநிலைக்கு ஒத்துவந்து சிரிம் என்ற தரச்சான்று அமைப்பின் முத்திரை பெற்ற கருவியாக இருந்தால் போதும்.

இணையத்தில் மலிவாகக் கிடைப்பதைப் பார்த்து மயங்குபவர்கள் அதிகம். ஆஸ்திரேலியக் கருவிகளும் '477' என்றே விற்கப்படுகின்றன, ஆனால் அவற்றின் பட்டியல் 476.4250-இல் தொடங்குகிறது. அங்கே 9-வது சேனல் என்பது இங்கே 9-வது அல்ல. இருவரும் 'ஒன்பதில் இருக்கிறேன்' என்று கத்துவார்கள், ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காது. அமெரிக்கக் கருவிகள் 462 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுபவை, இங்கே பயன்படுத்தக் கூடாதவை. எந்த அலைவரிசையிலும் பேசவிடும் திறந்த கருவிகளை வாங்கவே வேண்டாம். தவறுதலாக மீட்புப் படையினரின் அலைவரிசையை மிதித்தால் அந்த நேரத்தில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

தூரத்தைப் பற்றிப் பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். இந்த அலை நேர்கோட்டில் போகும், கான்கிரீட் அதை விழுங்கும். ஜார்ஜ்டவுன் தெருவில் நின்றால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கருவியோடு 15-வது மாடி நடைவழிக்கு ஏறினால், தரையிலிருந்து 45 மீட்டர் உயரத்தில், தொடுவானம் கணக்குப்படி 25 கிலோமீட்டருக்கு அப்பால். கடலைப் பார்த்த அடுக்குமாடி என்றால் எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தே கைக்கெட்டும் தூரம்தான். அதனால் குழுவில் மேல்மாடி வீட்டுக்காரர் ஒருவரை 'இடைக்குரல்' ஆக்கிவிடுங்கள். கீழே இருப்பவர் சொல்வதை அவர் வாங்கி அப்படியே திருப்பிச் சொல்வார். பணச் செலவில்லாத ரிப்பீட்டர் இதுதான்.

மெஷ் கருவியின் பெருமையே அந்த இடைக்குரல் வேலையைத் தானாகச் செய்வதுதான். ஒரு கருவி அனுப்பும் செய்தியை அடுத்தது வாங்கி அனுப்பும். இயல்பாக மூன்று தாவல், அதிகபட்சம் ஏழு. மலேசியாவுக்கு 919 முதல் 924 மெகாஹெர்ட்ஸ் வரை தனி அமைப்பு மென்பொருளிலேயே இருக்கிறது. அதைத் தேர்வு செய்யாவிட்டால் கருவி எதையும் அனுப்பாது. ஆன்டெனாவைப் பூட்டாமல் மின்சாரம் கொடுத்தால் அனுப்பும் பகுதி கெட்டுப்போகலாம், புதிதாக வாங்குபவர்கள் செய்யும் முதல் தவறு இது. செய்தி எழுத்தாகவே நிற்பதும், போய்ச் சேர்ந்ததா என்று தெரிவதும், வெளியார் படிக்க முடியாதபடி பூட்ட முடிவதும் நல்ல வசதிகள். இவற்றை 477 தராது.

ஆனால் ஒரு செய்திக்குக் கிடைப்பது சுமார் 200 பைட். மலாயிலோ ஆங்கிலத்திலோ 200 எழுத்து தட்டலாம். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட், ஆக 65 குறிகளோடு முடிந்துவிடும். 'பாட்டிக்கு மூச்சுத் திணறுகிறது, மூன்றாம் மாடி, படகு வேண்டும்' என்ற ஒரு வரியோடு கிட்டத்தட்டத் தீர்ந்தது. நெருக்கடியில் எல்லாரும் மூன்று மொழியிலும் சுருக்கி எழுதப் பழகியிருக்க வேண்டும்.

இனி எங்கள் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருவோம், அது பேட்டரி.

5 வாட் கையடக்கக் கருவியில் 1800 எம்ஏஎச் பேட்டரி இருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். முழு வலுவில் பேசும்போது ஏறக்குறைய 1500 மில்லி ஆம்பியர் இழுக்கும், கேட்கும்போது 250, சும்மா இருக்கும்போது 70. நேரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு பேச்சு, ஐந்து பங்கு கேட்பு, மீதி சும்மா என்றால் சராசரி 150, அதாவது 12 மணி நேரம். அதையே 1 வாட்டுக்கு இறக்கினால் பேசும்போது 600 தான் இழுக்கும், சராசரி 105-க்கு வந்து 17 மணி நேரம் ஓடும். நெருங்கிய வீடுகளுக்கு 1 வாட் தாராளம்.

இதோடு ஒரு கட்டுப்பாட்டைச் சேருங்கள். ஒவ்வொரு மணியின் முதல் 10 நிமிடம் மட்டும் எல்லாரும் கருவியை இயக்குவது, மீதி 50 நிமிடம் அணைத்துவிடுவது. அந்த 17 மணி நேரம் ஆறு மடங்காகி 100 மணியைத் தாண்டும். சார்ஜ் செய்ய வழியே இல்லாமல் நான்கு நாள். தண்ணீர் வடிந்து மின்சாரம் திரும்பும்வரை தாங்கும் என்ற நம்பிக்கை இந்தக் கணக்கில்தான் பிறக்கிறது.

மெஷ் கருவியால் இதைச் செய்ய முடியாது. அது அணைந்தால் அதன் வழியே போகும் அடுத்தவர் செய்தியும் நின்றுவிடும். சங்கிலியில் உள்ள ஒவ்வொரு கருவியும் 24 மணி நேரமும் விழித்திருக்க வேண்டும். இஎஸ்பி32 சில்லு உள்ள மலிவான பலகை சுமார் 100 மில்லி ஆம்பியர் இழுக்கும், 3000 எம்ஏஎச் 18650 செல்லில் ஒரு நாளும் சில மணியும்தான். என்ஆர்எஃப்52840 சில்லு உள்ளது பத்துப் பதினைந்தோடு நிறுத்திக்கொள்ளும், ஒரு வாரத்துக்கு மேல் ஓடும். வாங்கினால் இதைத்தான் வாங்க வேண்டும். கருவியை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தால் இது வாக்கி-டாக்கியையே மிஞ்சுகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. சிக்கல், செய்தியைத் தட்டவும் படிக்கவும் பெரும்பாலானவற்றுக்குப் புளூடூத் வழியாகக் கைப்பேசி வேண்டும். கோபுரம் போன பிறகு கைப்பேசி இல்லாத சிக்னலைத் தேடித் தேடியே தன் பேட்டரியைத் தின்றுவிடும். விமானப் பயன்முறையில் போட்டுப் புளூடூத்தை மட்டும் இயக்கினால் கொஞ்சம் மீளலாம். எந்தக் கைப்பேசியை இழந்ததற்காக இதை வாங்கினோமோ அதையே மறுபடி நம்ப வேண்டியிருக்கிறது. விசைப்பலகை சேர்ந்த கருவிகளும் உண்டு, ஆனால் அவை மின்சாரம் அதிகம் குடிக்கும்.

அலமாரியில் கிடக்கும் காலத்திலும் இதே பேட்டரிதான் தலைவலி. முழுதாக ஏற்றிய லித்தியம் பேட்டரி பினாங்கு வெக்கையில் மாதக்கணக்கில் கிடந்தால் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். முழுதாகக் காலியாகிக் கிடந்தால் பிறகு சார்ஜே ஏறாமல் போகலாம். ஆகவே ஆண்டின் பெரும்பகுதியில் பாதி ஏற்றி வையுங்கள். இங்கே பெருமழை வருவது செப்டம்பர் முதல் நவம்பர் வரை, தீபாவளியும் அந்தப் பக்கத்தில்தான். வீடு கழுவி ஒட்டடை அடிக்கத் தொடங்கும் வாரத்தில் எல்லாப் பேட்டரிகளையும் முழுதாக ஏற்றிவிடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் பயன்படுத்திப் பாதிக்கு இறக்குங்கள்.

அரை வாட் கருவிகள் பலவும் ஏஏ பேட்டரியில் ஓடுபவை. 5 வாட் கருவி வாங்கும்போதும் ஏஏ போடும் கூடு கிடைக்கிறதா என்று கேளுங்கள், சில மாடல்களுக்கு உண்டு. சொந்தப் பேட்டரி செத்தாலும் மளிகைக் கடையில் ஏஏ வாங்கலாம். ஆனால் அல்கலைன் பேட்டரியைக் கருவிக்குள்ளேயே விட்டுவைக்காதீர்கள். கசிந்து தகட்டை அரிக்கும், உப்புக்காற்றும் சேர்ந்தால் சீக்கிரமே. உறையோடு தனியாக வையுங்கள். பேட்டரி தொடும் இடங்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் பையில் போடுங்கள். 12 வோல்ட் கார் சார்ஜர் ஒன்று கட்டாயம் வேண்டும். காரை மேட்டில் நிறுத்தியிருந்தால் அதுவே உங்கள் மின்நிலையம்.

மெஷ் கருவிக்கு இதற்கு மேல் மென்பொருள் பராமரிப்பும் உண்டு. மெஷ்டாஸ்டிக்கின் 1-ஆம் தலைமுறை ஃபர்ம்வேரும் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) 2-ஆம் தலைமுறையும் ஒன்றோடொன்று பேசாது. குழுவில் ஒருவர் புதுப்பிக்காமல் விட்டால் அவர் தனித்துவிடுவார், அது தெரியவருவது வெள்ளத்தின்போதுதான். செயலியைக் கைப்பேசியில் முன்கூட்டியே இறக்கியிருக்க வேண்டும், அன்று இணையம் இருக்காது.

477-இலும் ஒரு பொறி உண்டு. 'தனிமைக் குறியீடு' என்று விற்கப்படும் சிடிசிஎஸ்எஸ், அதாவது பேச்சோடு சேர்ந்து போகும் ஒரு தாழ்ந்த ஒலிக்குறி, உங்கள் பேச்சை யாரிடமிருந்தும் மறைக்காது, மற்றவர் பேச்சை உங்களுக்குக் கேட்காமல் செய்வதோடு சரி. ஒரு பிராண்டில் 12-ஆம் குறியீடு என்பது இன்னொன்றில் வேறு. குறியீட்டு எண்ணை எழுதாமல் 103.5 ஹெர்ட்ஸ் என்பதுபோல் அதிர்வெண்ணையே எழுதி வையுங்கள். நெருக்கடியில் அதை எல்லாருமே அணைத்துவிடுவது இன்னும் நல்லது.

எங்கள் சோதனை முழுதும் தீவின் கிழக்குப் பக்கம்தான், ஆயர் ஈத்தாமிலிருந்து பாயான் லெப்பாஸ் வரை. தீவின் நடுவே 800 மீட்டருக்கு மேல் எழும் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், பாலிக் பூலாவில், உங்கள் அண்ணனோ அத்தையோ இருந்தால் கையில் பிடித்த 477 மலையைத் துளைத்துப் போகாது. அங்கே மெஷ் ஒரு நல்ல யோசனையாகலாம். மலைமேல் உள்ள ஒரு வீட்டின் கூரையில், சூரியத் தகட்டோடு, என்ஆர்எஃப்52840 கருவி ஒன்றை வைக்க இடம் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைத்தால் இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொன்று வாங்கி, மழை பெய்யும் ஒரு நாளில் சோதியுங்கள்.