ரியோஹா ரெசெர்வா: மூன்று பாட்டில் திறந்து பார்த்த அனுபவம்

சிவப்பு ஒயின் வாங்கப் போய், வரிசையாக நிற்கும் பாட்டில்களைப் பார்த்து எதை எடுப்பது என்று தெரியாமல் முழிப்பவர்களுக்கு நான் தயங்காமல் கைகாட்டுவது ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் தயாராகும் ரெசெர்வா ஒயினைத்தான். வெவ்வேறு தயாரிப்பாளர்களுடைய மூன்று பாட்டில்களைத் திறந்து பார்த்துவிட்டேன். இரண்டு அருமை, ஒன்று கெட்டது. கெட்டதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

பல சிவப்பு ஒயின்கள் இளசாகவே கடைக்கு வந்துவிடும். துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடிக்கும், அது அடங்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ரியோஹாவில் கிரியான்சா, ரெசெர்வா, கிரான் ரெசெர்வா என்று முதிர்ச்சியைக் குறிக்கும் மூன்று தரங்கள் உண்டு, அந்தப் பெயர்களில் விற்க வேண்டுமானால் அந்தக் காத்திருப்பைத் தயாரிப்பாளரே முடித்திருக்க வேண்டும், விதியே அப்படி. ரெசெர்வா என்றால் மொத்தம் 3 வருடம், அதில் குறைந்தது 1 வருடம் 225 லிட்டர் ஓக் பீப்பாயில். கிரியான்சாவுக்கு 2 வருடம், கிரான் ரெசெர்வாவுக்கு 5. பாட்டிலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சின்ன முத்திரையைப் பாருங்கள்: கிரியான்சா சிவப்பு, ரெசெர்வா கருஞ்சிவப்பு, கிரான் ரெசெர்வா நீலம். முன்பக்க லேபிளின் அழகை நம்பி வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

சுவை? டெம்ப்ரனியோ திராட்சைதான் பிரதானம். செர்ரி, உலர்ந்த பிளம், அமெரிக்க ஓக் பீப்பாயில் கிடந்திருந்தால் கூடவே வனிலா வாசனை. துவர்ப்பு இருக்கிறது, ஆனால் பழகிய துவர்ப்பு. கிரான் ரெசெர்வா இன்னும் முதிர்ந்தது, பதனிட்ட தோல், புகையிலை வாசனையெல்லாம் வரும், பழச்சுவையைத் தேடுபவர்கள் அதில் ஏமாறலாம்.

இனி பரிமாறுவது. இங்கேதான் நிறையப் பேர் நல்ல ஒயினை வீணாக்குகிறார்கள். 'அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு 28 டிகிரியில் ஊற்றினால் முதலில் மூக்கில் ஏறுவது ஆல்கஹால்தான், பழ வாசனை எங்கோ போய்விடும். 16 முதல் 18 டிகிரிதான் சரி. நானே ஒரே பாட்டிலிலிருந்து இரண்டு கிளாஸ் ஊற்றி, ஒன்றை அப்படியே வைத்து, இன்னொன்றைக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துக் குடித்துப் பார்த்தேன், இரண்டும் ஒரே ஒயின் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருக்க மாட்டேன்! வெயில் நாளில் பாட்டிலை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் திறங்கள், கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், சுழற்றினால்தான் வாசனை எழும்.

சரி, அந்தக் கெட்ட பாட்டில். திறந்ததும் நனைந்த அட்டைப்பெட்டி வாடை. கார்க்கில் உண்டாகும் டிசிஏ என்ற சேர்மத்தின் வேலை அது, உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் பழ வாசனையை மொத்தமாக அமுக்கிவிடும், எவ்வளவு நேரம் காற்றாட வைத்தாலும் போகாது. கடையில் முதலில் 'ஒயின் என்றால் இப்படித்தான் இருக்கும்' என்று சொல்லிப் பார்த்தார்கள். நான் பாட்டிலை அவர்கள் பக்கம் நீட்டி முகரச் சொன்ன பிறகுதான் மாற்றிக் கொடுத்தார்கள். உங்களுக்கும் நடந்தால் கார்க்கையும் மிச்ச ஒயினையும் அப்படியே எடுத்துப் போங்கள், கீழே கொட்டிவிடாதீர்கள்.

மாற்றிக் கொடுத்த பாட்டிலில் பாதி மிஞ்சியது. கார்க்கை அழுத்தி மூடி ஃப்ரிட்ஜில் வைத்தேன். இரண்டாம் நாளும் நன்றாகவே இருந்தது, நான்காம் நாள் புளிப்பு தட்டிவிட்டது.