நாற்பதடிப் பெட்டி வீடு: உள்ளே மினுக்கு, மேலே வெறுந்தகடு

தூத்துக்குடித் துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் திருநெல்வேலிச் சீமைக்குக் கப்பல் பெட்டி (கன்டெய்னர்) புதுசில்லை. அதை வீடாக்கித் தருகிற பட்டறைகளும் இப்போது முளைத்துவிட்டன. இங்கே பார்க்கப்போவது அப்படி ஒரு பட்டறை செய்து, திசையன்விளைப் பக்கம் ஒரு தேரிக்காட்டுத் தோட்டத்தில் இறக்கிவைத்த 40 அடி ஹைகியூப் (உயரம் கூடின பெட்டி) வீடு. ஒரு படுக்கையறை, குளியலறை, அடுப்படி, சின்னதாக ஒரு பட்டாசல் (கூடம்). முன்பக்கத் தார்சாவுக்கு (வராந்தா) தனி விலை.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். பெட்டித் தேர்வு சரி. சாதாரணப் பெட்டிக்கு உள் உயரம் 2.39 மீட்டர், ஹைகியூப்புக்கு 2.69. கூரைக்கு அடியில் சூட்டைக் குறைக்க வைக்கும் ராக்வூல் பஞ்சும் போர்டும் ஒன்பது, பத்து சென்டிமீட்டரைத் தின்றுவிடும். சாதாரணப் பெட்டியில் சீலிங் ஃபேன் மாட்டினால் கை தூக்கிச் சட்டை போட முடியாது. அகலம் இரண்டுக்கும் ஒன்றுதான்: உள்ளே 2.35 மீட்டர். இரண்டு பக்கமும் போர்டு அடித்தபின் மிஞ்சுவது ஏழடி நாலங்குலம். ஆறேகாலடிக் கட்டிலைக் குறுக்கே போட்டால் கால்மாட்டில் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போகலாம். இந்த வீட்டில் நெடுக்குவாட்டில் போட்டு நடைவழி விட்டிருக்கிறார்கள். யோசித்துச் செய்த வேலை.

இனிக் குறை. ஜிப்சம் சீலிங்குக்கும் அதற்குள் ஒளித்த வண்ண விளக்குக்கும் செலவழித்தவர்கள், கூரைக்கு மேலே ஒன்றுமே செய்யவில்லை. பெட்டியின் கூரை 2 மில்லிமீட்டர் இரும்புத் தகடு. சித்திரை வெயிலில் அதன்மேல் கை வைக்க முடியாது. 50 மில்லிமீட்டர் ராக்வூல் சூட்டைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது. சாயங்காலம் வெளியே காற்று ஆறினபிறகும் உள்ளே அனல் இறங்கிக்கொண்டிருக்கும். தகட்டுக்கு மேலே ஓரடி இடைவெளி விட்டு இன்னொரு கூரை போடுவதுதான் வழி. கலர் ஷீட் போதும், கைக்காசு குறைவென்றால் தென்னங்கீற்றுக்கூடப் போதும். நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும், தெற்கிலும் மேற்கிலும் மூன்றடி தாழ்வாரம் வெளியே நீள வேண்டும். அதன் கால்களைக் கூரைத் தகட்டில் வெல்டிங் வைக்கக் கூடாது. மூலையில் இருக்கும் வார்ப்புக் கட்டைகளிலும் மேல் விட்டத்திலும்தான் வைக்க வேண்டும். ராதாபுரம், பணகுடி வட்டாரத்து ஆனி ஆடிக் காற்று காற்றாலையைச் சுழற்றுகிற காற்று. தகட்டில் நிற்கிற ஷீட்டைத் தகட்டோடு பிய்த்துக்கொண்டு போகும்.

அடுத்தது வெட்டு வேலை. பெட்டியின் பாரம் நாலு மூலைத் தூணில் இறங்கினாலும், நெடுஞ்சுவரின் நெளிவுத் தகடுதான் மேல் விட்டம் தொய்யாமல் பிடித்திருக்கிறது. அதில் எட்டடிக் கண்ணாடிக் கதவுக்கு வெட்டிவிட்டு, சுற்றிலும் 40க்கு 40 மில்லிமீட்டரில் 2 மில்லிமீட்டர் கனமுள்ள பாக்ஸ் பைப் வைத்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு அது சரி. இந்த அகலக் கதவுக்குக் குறைந்தது 100க்கு 50 அளவில் 4 மில்லிமீட்டர் கனம் வேண்டும். கதவுக்கு மேலே நூல் பிடித்துப் பார்த்தால் நடுவில் விரல் நுழையும் அளவு தொய்வு தெரிகிறது, கதவும் பாதியில் இறுகுகிறது. பணம் கொடுக்குமுன் நீங்களும் நூல் பிடியுங்கள், ஒரு நிமிட வேலை.

வெட்டின ஓரங்களில் துத்தநாகப் பிரைமர் அடிக்காமல் நேரே மேல்பெயின்ட் அடித்திருப்பது இன்னொரு அவசரம். பெட்டி செய்யப்படும் கார்டென் இரும்பு துருப்பிடிக்காது என்று விற்பவர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. மேல்துரு காய்ந்து இறுகினால்தான் அது காக்கும். உவரி, கூடங்குளம் பக்கத்து உப்புக்காற்றில் ஈரம் காயாது, துரு உள்ளேதான் போகும். ஜன்னல் ஓரத்துக் கசிவைக் கண்டுபிடிக்க ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாகக் கால்மணி நேரம் தண்ணீர் அடித்துப் பாருங்கள். மேலிருந்து அடித்தால் எங்கே ஒழுகுகிறது என்றே தெரியாது.

தரையில் பழைய 28 மில்லிமீட்டர் பிளைவுட்டின் மேலேயே வினைல் ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பலகை பூச்சிமருந்து ஏற்றப்பட்டதாக இருக்கலாம். பெட்டிக் கதவில் இருக்கும் தகட்டில் அந்த விவரம் பொறித்திருக்கும். கழற்றிவிட்டு சிமென்ட் போர்டு போடுவது உத்தமம், இல்லாவிட்டால் எபாக்ஸி பூசி மூட வேண்டும். குளியலறை டைல்ஸைப் பட்டறையிலேயே ஒட்டி அனுப்பியதால் டிரெய்லர் குலுக்கலில் மூலை இணைப்புகள் விட்டிருக்கின்றன. டைல்ஸ் வேலை இறக்கிவைத்த பிறகுதான் செய்ய வேண்டும்.

கால் விஷயத்தில் இந்த வீட்டுக்கு யோகம். தேரி மணலுக்கு ஆறு பெடஸ்டல் (கான்கிரீட் கால்) போதும்: மூலைக்கு ஒன்றாக நாலு, வெட்டின நெடுஞ்சுவரின் நடுவில் இரண்டு. கயத்தாறு, மானூர்ப் பக்கத்துக் கரிசலில் இதே கால்கள் மழைக்கு மேலெழும்பிக் கோடைக்கு இறங்கும்; சுக்கான் பாறை தட்டும்வரை தோண்டித்தான் போட வேண்டும். தாமிரபரணிக் கரையோரம் வைப்பவர்கள் 2023 டிசம்பர் வெள்ளம் பக்கத்துச் சுவரில் ஏறிய அளவைப் பார்த்து உயரம் வையுங்கள். ஒரு கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள்: வேலை முடிந்த பெட்டி ஆறரை டன் என்றால், அடிப்பரப்பு ஏறக்குறைய 30 சதுர மீட்டர். தண்ணீர் உள்ளே புகாமல் நின்றால் அடிமட்டத்துக்கு மேல் முக்கால் அடி வெள்ளமே வீட்டைத் தூக்கிவிடும். பெடஸ்டலில் போல்ட்டோடு பதித்த அடித்தகட்டில் பெட்டியை வெல்டிங் வைத்தே ஆக வேண்டும். இங்கே சும்மா உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மின் வேலை ஒழுங்கு. எர்த் குழி, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டும் உண்டு. தகட்டுத் துளையில் ஒயர் நுழையும் இரண்டு இடத்தில் மட்டும் ரப்பர் புஷ் இல்லை. இரும்பு வீட்டில் இதை நாளைக்கென்று விடக்கூடாது.

தோட்ட வீட்டுக்கும் காவல்காரர் தங்கவும் இதை வாங்கலாம், மேல்கூரையையும் கதவுச் சட்டத்தையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொண்டால். ஊருக்குள் தெருவில் வைக்க நினைப்பவர்கள் முதலில் டிரெய்லர் திரும்பும் முக்கையும் குறுக்கே போகும் மின்கம்பியையும் பார்த்துவிட்டு வரவும். பட்டறை அனுப்புகிற ஒற்றை 12 டன் ஹைட்ரா கிரேனை நம்ப வேண்டாம். கை நீள நீள அதன் தூக்குதிறன் குறையும், 40 அடிப் பெட்டிக்கு இரண்டு வேண்டும். இரண்டாவதன் வாடகை யார் பொறுப்பு என்பதையும் அதே கொட்டேஷனில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.