அந்த வீடியோவில் பேசுவது நான்தான். தயவுசெய்து நம்ப வேண்டாம்

திருகோணமலையில் வாகனம் வைத்திருக்கும் பலருடைய போனுக்கு ஒரு வீடியோ வந்திருக்கும். வெள்ளை நிற ஆல்டோ காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே, பெற்றோலை மிச்சப்படுத்தும் என்று விற்கும் ஒரு கருவியின் சின்னப் பச்சை வெளிச்சம் மின்னும். பக்கத்தில் நிற்கும் ஆள், "நான் ஒரு ஆசிரியர். பொய் சொல்லத் தேவையில்லை. இதைப் போட்ட பிறகு பெற்றோல் நல்லா மிச்சப்படுது" என்று சொல்வார்.

அந்த ஆள் நான். அன்று பொய் சொல்லும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. ஆனால் சொன்னது பிழை. அதை நம்பி எத்தனை பேர் காசு கொடுத்தார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. அதனால் நடந்ததை முழுவதுமாக எழுதுகிறேன்.

நான் உப்புவெளியில் இருந்து கிண்ணியாவில் ஒரு பாடசாலைக்குத் தினமும் போய் வருகிறேன். அதே பக்கம் படிப்பிக்கும் இன்னும் இரண்டு பேர் என்னோடு வருவார்கள், பெற்றோல் செலவை மூன்றாகப் பிரிப்போம். 2022 ஜூனில் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனதும், அதற்குப் பிறகு கியூஆர் கோட்டைக் காட்டி அளந்து வாங்கியதும் எங்கள் யாருக்கும் மறக்காது. ஓட்டோவுக்கு அப்போது கிழமைக்கு 5 லீற்றர்தான். சீனக்குடாவில் வெள்ளைக்காரர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கும் ஊரில் நாங்கள் விடிய விடிய பெற்றோல் செட் வரிசையில் நின்றோம். வரிசை போய்விட்டது, பயம் போகவில்லை. "பெற்றோல் மிச்சம்" என்று யாராவது சொன்னால் காது தானாக அந்தப் பக்கம் திரும்பும். இந்தக் கருவிகளை விற்பவர்கள் கை வைப்பது அந்தப் பயத்தில்தான்.

போன வருடம், 2025இல், நகரத்தில் வாகனச் சாமான்கள் விற்கும் ஒரு கடைக்கு வைப்பர் வாங்கப் போனேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இதே சாமான் வேறு கடைகளிலும் ஒன்லைனிலும் வேறு வேறு பெயரில் கிடைக்கிறது, ஒரு பெயரை மட்டும் சொன்னால் மற்றவை நல்லவை என்று ஆகிவிடும். கடைக்காரர் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு சாமானை எடுத்துக் காட்டினார். காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி சொக்கற் என்று ஒன்று இருக்கும். கராஜில் கொம்பியூட்டரைப் பூட்டிப் பிழை பார்ப்பது அதில்தான். அதில் இதைக் குத்திவிட்டால், எஞ்சினின் கொம்பியூட்டரோடு பேசி 35 வீதம் பெற்றோலை மிச்சப்படுத்துமாம். விலை 6,500 ரூபாய்.

கடைக்கு வெளியே ஒரு செய்முறையும் காட்டினார். அங்கே நின்ற ஒரு காரை ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்தார். துணி ஈரமாகி, கறுப்புப் படிந்தது. கருவியைக் குத்தி, ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, புதுத் துணியைப் பிடித்தார். ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தது. அங்கே நின்ற நாலு பேரும் வாயைப் பிளந்து பார்த்தோம். இன்று யோசித்தால் விளங்குகிறது. மணிக்கணக்காய் நிறுத்தி வைத்திருந்த, ஆறிப்போன எஞ்சின் அது. ஆறிய எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது கூடுதலாகப் பெற்றோலை எடுக்கும், சைலன்சருக்குள் நிற்கும் நீரும் கரியும் முதலில் வெளியே வரும். சூடேறியதும் தானாகவே குறைந்துவிடும். கருவியே இல்லாமல் அந்த இரண்டாவது துணியைப் பிடித்திருந்தாலும் அதே வெள்ளைதான்.

நானும் ஒன்றை வாங்கினேன். "சேர், 240 கிலோமீற்றர் ஓடினாத்தான் அது உங்கட ஓட்டத்தைப் பழகும். அதுக்குள்ள கழட்டிப் போடாதேங்கோ" என்றார். இந்த 240 கிலோமீற்றர் கதையை நன்றாகக் கவனியுங்கள். அது எனக்கு ஒரு கிழமை ஓட்டம். அதற்குள் வாங்கிய காசு போன காசு ஆகிவிடும், மனமும் அந்தச் சாமானோடு ஒட்டிவிடும்.

பத்து நாள் கழித்து அதே கடைக்கு பல்ப் வாங்கப் போனபோது, "எப்படி சேர்?" என்று கேட்டார். முதல் டாங்கில் உண்மையாகவே கொஞ்சம் கூட ஓடியிருந்தது. சந்தோசத்தில் சொன்னேன். "ஒரு சின்ன வீடியோ எடுக்கட்டே?" என்றார், எடுத்தார். அவ்வளவுதான். ஒரே ஒரு டாங்க் பெற்றோலை வைத்துக்கொண்டு நான் ஊருக்கே சாட்சி சொல்லிவிட்டேன்.

எங்களோடு வரும் கணித ரீச்சர்தான் பெற்றோல் செலவுக்குக் கொப்பி வைத்திருப்பவர். ஒவ்வொரு தடவையும் டாங்க் நிரம்ப அடித்து, மீற்றர் வாசிப்பையும் லீற்றரையும் எழுதுவார். காசு பிரிப்பதற்காக எழுதியது, ஆனால் அந்தக் கொப்பிதான் என்னைக் காப்பாற்றியது. கருவி போடுவதற்கு முந்திய மூன்று டாங்குகளில் லீற்றருக்கு 17.9, 18.3, 17.6 கிலோமீற்றர். போட்ட பிறகு முதல் டாங்க் 18.8. அடுத்தவை 17.7, 17.9, 17.4. "சேர், கணக்கில ஒண்டும் குறையேல்லையே" என்று அவர் சொன்ன அன்றுதான் நான் அந்தப் பக்கத்தை ஒழுங்காகப் பார்த்தேன்.

முதல் டாங்க் மட்டும் ஏன் கூடியது? நான்தான் காரணம். புதுச் சாமான் போட்டிருக்கிறேன் என்ற நினைப்பில் ஆக்சிலரேற்றரை மெதுவாக மிதித்தேன், சீனக்குடா நேர்ப் பாதையில்கூட வேகம் கூட்டவில்லை, ஏசியையும் போடவில்லை. அந்தக் கவனம் இரண்டாம் கிழமையோடு போய்விட்டது.

எங்கள் பக்கத்துக் கராஜ் பாஸிடம் கருவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிளாஸ்ரிக் கூட்டைத் திறந்து காட்டினார். உள்ளே மூன்று எல்ஈடி, சில ரெசிஸ்ரர், ஒரு சின்னச் சிப், ஒரு பட்டன். கருவியைக் குத்தும் ஓபிடி சொக்கற்றில் 16 பின் (கம்பி முனை) உண்டு. 16ஆம் பின்னில் பற்றரியின் பிளஸ் வரும், 4ஆம் பின்னில் மைனஸ். எஞ்சின் கொம்பியூட்டரோடு பேசுவதற்கான தரவு இன்றைய பெரும்பாலான கார்களில் 6ஆம் 14ஆம் பின்களில் வருகிறது. இந்தச் சாமானில் அந்த இரண்டு பின்னுக்கும் வயரே இல்லை. கரண்ட் எடுத்து வெளிச்சம் மின்னுவதைத் தவிர அது ஒன்றும் செய்யவில்லை. எனக்கு அந்த நேரம் வந்த கோபத்தை எழுதத் தெரியவில்லை. ஏமாற்றுவதற்கென்றே இருந்து ஒருவர் வெளிச்சத்தின் நிறத்தையும், மின்னும் வேகத்தையும் யோசித்துச் செய்திருக்கிறார்.

என் 6,500 ரூபாய் போனது பெரிய விடயமில்லை. இதை எழுத வைத்தது எங்கள் ஒழுங்கையில் ஓட்டோ ஓட்டும் தம்பியின் கதை.

அவர் என் வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து கேட்டார். "சேர் சொன்னாச் சரிதானே" என்று போனார். ஓட்டோவுக்கு ஓபிடி சொக்கற் இல்லை என்பதால், அதே கடையில் அவருக்கு வேறொன்றைக் கட்டிவிட்டார்கள். தண்ணீரில் ஓடவைக்கும் கிட் என்று பெயர். ஒரு பிளாஸ்ரிக் போத்தல், உள்ளே இரண்டு இரும்புத் தகடு, கோஸ்டிக் சோடா கரைத்த தண்ணீர். பற்றரியிலிருந்து கரண்ட் கொடுத்தால் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஒட்சிசனும் குமிழியாக வரும், அதை ஒரு குழாய் வழியாக எஞ்சின் காற்றோடு சேர்க்கும். 14,500 ரூபாய். எரிபொருள் பாதியாகக் குறையும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

குமிழி வருவது உண்மை, அதனால்தான் சனம் நம்புகிறது. ஆனால் பற்றரிக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? எஞ்சின் சுற்றித்தான் வருகிறது. எஞ்சினைச் சுற்றுவது பெற்றோல். அந்த ஹைட்ரஜனை எரித்தால் கிடைக்கும் சக்தி, தண்ணீரைப் பிரிக்கச் செலவழித்ததை விட ஒருநாளும் கூடாது. வழியிலே ஒவ்வொரு இடத்திலும் நட்டம் வேறு. தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அடுப்புச் சாம்பலைத் திரும்ப விறகாக்கி எரிக்கப் பார்ப்பது மாதிரி இது. பாடசாலையில் பிள்ளைகளுக்கு மின்பகுப்பு இதே மாதிரிப் போத்தலில்தான் காட்டுகிறோம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விடயம். அவர் என்னிடம் திரும்ப வந்து கேட்கவில்லை, ஏனென்றால் நான் ஏற்கெனவே அந்தக் கடைக்கு நற்சாட்சி கொடுத்தவன்.

மூன்று கிழமையில் பற்றரி விழுந்தது. இரவில் முன் லைற் மங்கி மங்கி எரிந்தது. கோஸ்டிக் கலந்த ஈரம் காற்றோடு உறிஞ்சப்பட்டு, கார்புரேற்றருக்குள் வெள்ளையாகப் படிந்து அரித்திருந்தது. பற்றரி, கார்புரேற்றர், கூலி என்று கிட்டுக்குக் கொடுத்ததை விடக் கூடப் போனது. மூன்று நாள் ஓட்டம் வேறு நின்றது. அதை விட மோசம், அவர் காலையிலே பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவர். ஹைட்ரஜனும் ஒட்சிசனும் கலந்த வாயு சின்னப் பொறி பட்டாலே வெடிக்கும். அந்தப் போத்தல் பின் சீற்றுக்குப் பின்னால், பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதை நினைத்து நான் நித்திரை கொள்ளாத இரவுகள் உண்டு.

கடைக்குப் போய்ப் பேசினோம். எனக்கு, "உங்கட காரில வேற பிழை இருக்கும் சேர்" என்றார். தம்பிக்கு, "தண்ணி ஒழுங்கா மாத்தியிருக்க மாட்டீர்" என்றார். பற்றுச்சீட்டு இருவரிடமும் இல்லை. பெட்டியிலே "அமெரிக்க ஈபிஏ அங்கீகாரம்" என்று அடித்திருப்பதைக் காட்டினார்.

அதைத் தேடிப் படித்தேன். ஈபிஏ என்பது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம். அது 1970களிலிருந்து இப்படியான நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைப் பரிசோதித்தோ மதிப்பிட்டோ இருக்கிறது. குறிப்பிடத்தக்க அளவுக்கு எரிபொருளை மிச்சப்படுத்திய ஒன்றையும் காணவில்லை. சில கருவிகள் எஞ்சினைப் பழுதாக்கலாம், புகையைக் கூட்டலாம் என்றும் எச்சரித்திருக்கிறார்கள். எந்த அரசாங்க நிறுவனமும் இவற்றுக்கு நற்சான்று கொடுப்பதில்லை. பெட்டியிலே அந்தப் பெயர் இருந்தால் அதுவே வாங்காமல் வருவதற்கு நல்ல காரணம்.

அப்புறம், "பெற்றோல் முழுதாக எரிவதில்லை, இது எரியவைக்கும்" என்பதுதான் எல்லாருடைய பேச்சும். பெற்றோல் குழாயில் கட்டும் காந்தத்துக்கும் அதே கதைதான், ஆனால் பெற்றோல் காந்தத்துக்கு அசைந்து கொடுக்கும் பொருள் இல்லை. காற்றைச் சுழற்றும் விசிறித் தகட்டுக்கும், டாங்கில் போடும் குளிசைக்கும் அதே கதை. ஒழுங்காக ஓடும் இன்றைய எஞ்சினில் எரியாமல் வெளியே போவது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். எஞ்சினிலிருந்து புகை போகும் குழாயில் இருக்கும் ஒட்சிசன் சென்சர் பார்த்துப் பார்த்து, ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற நிறை அளவிலே கொம்பியூட்டர் தானே வைத்துக்கொள்கிறது. பெரிய இழப்பு சூடாகப் போவதில் இருக்கிறது, அதை ஒரு பிளாஸ்ரிக் டப்பா தடுக்காது. ஒன்றிரண்டு பங்குக்குள் இருந்து 35 வீதத்தை எடுக்க முடியாது.

என் கார் கடைசியில் எப்படித் திருந்தியது என்பதையும் சொல்கிறேன். கருவியைக் கழற்றிய பிறகு பாஸ் முழுதாகப் பார்த்தார். ரயர்களில் காற்று போதாது, பின் ரயர் ஒன்றில் 21 பிஎஸ்ஐ அழுத்தம்தான் இருந்தது. பின் பிரேக் ஒன்று முழுதாக விடாமல் உரசிக்கொண்டிருந்தது. கடற்கரை ஓரம் நிறுத்தும் வாகனங்களுக்கு உப்புக் காற்றால் இது அடிக்கடி வரும் என்றார். ஓடிவிட்டு வந்து சில்லுக்குப் பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள், ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அதுதான் பெற்றோலைக் குடிக்கிறது. அதைச் சரிசெய்து, காற்றடித்து, அடுத்த மூன்று டாங்கும் 19க்குக் குறையவில்லை. செலவு அந்தக் கருவியின் விலையில் பாதிகூட இல்லை. தம்பியின் ஓட்டோ கார்புரேற்றர் வண்டி என்பதால் எயார் ஃபில்டரையும் பிளக்கையும் மாற்றி, கார்புரேற்றரை ரியூன் பண்ணியதில் அவருக்கும் வித்தியாசம் தெரிந்தது.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்களுக்கு: நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். எங்களுக்கு அந்தக் காலம் தெரியாமல் போய்விட்டது. கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டியது கடைக்காரரின் கடமை, ஆகவே எந்தச் சாமானுக்கும் கேட்டு வாங்குங்கள்.

தம்பியின் பற்றரிக் காசை நான் கொடுத்தேன். அவர் வாங்க மறுத்தார், அவருடைய மனைவியின் கையில் வைத்துவிட்டு வந்தேன். கடைக்காரரிடம் வீடியோவை அழிக்கச் சொன்னேன், அழித்துவிட்டதாகச் சொல்கிறார். ஆனால் போன கிழமையும் நிலாவெளியில் இருந்து ஒருவர் என்னிடம் அதைக் காட்டினார். வட்ஸ்அப்பில் போனதைத் திரும்ப எடுக்க என்னால் முடியாது. அது உங்கள் குழுவுக்கு வந்தால், இதை அதற்குக் கீழே போட்டுவிடுங்கள்.